மண் கல் வீடு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வீட்டு வேலையில் பதில் தள்ளிப்போய்விட்டது. ஆமாம், அப்பா விட்டுப்போன கொல்லையில் வீடு கட்டுகிறேன். சூளைச் செங்கல் இல்லை, மண் கல்.

ஆரோவில்லில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதே நினைப்புதான். மனையில் தோண்டிய செம்மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து, கை மெஷினில் அழுத்தி எடுக்கிறோம். ஒரு கட்டை விறகுகூட எரிக்க வேண்டாம். நான்கு வாரம் தண்ணீர் தெளித்து, காயாமல் மூடிவைத்தால் போதும். மண் எடுத்த குழி மழைநீர்த் தொட்டியாகிறது. மேஸ்திரி முதலில் "மழைக்குக் கரைஞ்சிடும் சார்" என்று ஒரே பிடிவாதம். ஒரு கல்லை இரண்டு நாள் அண்டாவில் ஊறப்போட்டுக் காட்டிய பிறகுதான் கரண்டியை எடுத்தார்.

செலவு ரொம்பக் குறைவு என்று சொல்ல மாட்டேன். கூலிதான் பெரிய செலவு. ஆனால் அந்தக் கூலி நம் தெருக்காரர்கள் நாலு பேர் வீட்டுக்குப் போகிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

'அப்படியானால் வளர்ச்சியே வேண்டாம் என்கிறாயா?' என்று கேட்டிருந்தாய். இல்லையடா. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்கியல் படித்து, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து, 1934-இல் காந்தியோடு கிராமத் தொழில் சங்கத்தில் இறங்கியவர். இயற்கை தரும் செல்வத்தை அவர் தேக்கம், ஓட்டம் என்று இரண்டாகப் பிரித்தார். உன் அப்பா வேலை பார்த்த நெய்வேலியின் நிலக்கரி தேக்கம். எடுக்க எடுக்கக் குறையும். வீராணத்துக்கு வருஷா வருஷம் வரும் தண்ணீர் ஓட்டம். தேக்கத்தையே நம்பினால் அதைப் பிடிக்கச் சண்டைதான் வரும் என்றார் அவர். நெய்வேலி கரண்டில்தான் நாமும் விளக்குப் போட்டுப் படித்தோம், மறக்கவில்லை. ஆனால் ஓட்டத்தில் முடிகிற காரியத்துக்கும் தேக்கத்தில் கை வைக்க வேண்டுமா? எனக்கு அதுதான் கேள்வி.

அப்புறம், கூரை இன்னும் முடிவாகவில்லை. 2011 டிசம்பரில் 'தானே' என்ற புயல் பண்ருட்டிப் பலா, முந்திரியையெல்லாம் சாய்த்த ராத்திரியை நினைத்தால் ஓடு போட மனம் வரவில்லை. மண் கல்லிலேயே வளைவுக் கூரை போடலாம் என்கிறார்கள். சுவர் எவ்வளவு கனம் வேண்டும்? நீ இன்ஜினியர், கணக்குப் போட்டு எழுது. பொங்கலுக்கு வந்து நேரில் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

அன்புடன்,
முருகன்