செவிலியரின் சோர்வும் குணநலத் தேர்வும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியரின் ஆளுமைப் பண்புகளையும் உணர்வுச் சோர்வையும் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எளிதில் பதற்றமடையும் இயல்புடையவர்கள் விரைவில் சோர்ந்துபோகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரியவந்திருக்கும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், பணியில் சேர்க்கும்போதே குணநலத் தேர்வு வைத்து அத்தகையவர்களைக் கழித்துவிடலாம் என்ற யோசனையை, வார்டிலேயே காலம் கழித்த செவிலியர் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

ஊசி போடுமுன் கேஸ் ஷீட்டை மறுபடி புரட்டி, அந்த மருந்து நோயாளிக்கு ஒவ்வாது என்று சிவப்பு மையில் எழுதியிருப்பதைக் கண்டு கையை நிறுத்துபவர் பெரும்பாலும் இந்தப் பதற்றக்காரச் செவிலியர்தான். நாற்பது படுக்கைகளுக்கு ஒருவராக நைட் டியூட்டி பார்க்கும்போது அவரால் அப்படிப் புரட்ட முடிவதில்லை. எதையாவது விட்டுவிட்டோமோ என்ற உறுத்தல் வீடுவரை கூடவே வருகிறது. நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைத்தவர், சில மாதங்களில் படுக்கை எண் சொல்லி அழைக்கிறார். "சிஸ்டர், டிரிப் தீர்ந்துபோச்சு" என்று உறவினர் ஓடிவந்தால், நிமிர்ந்து பாராமலே "வர்றேன், போங்க" என்கிறார். சிடுமூஞ்சி என்ற பெயர் அவருக்கு அதன் பிறகே வருகிறது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது அவர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதமும், அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடுவதாகக் காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இச்சோர்வை நோயாகக் கருதாமல், சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. நம் மாநிலத்தில் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்ட தொகுப்பூதியச் செவிலியர்களில் சாதுவானவர்களும் இருந்தார்கள், துணிச்சல்காரர்களும் இருந்தார்கள். ஊதியக் கவலை குணம் பார்த்து வருவதில்லை.

குணத்தை அறிவதில் பயன் உண்டு. எளிதில் கலங்குபவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொடர்ந்து இரவுப் பணியில் போடாமல், அனுபவமிக்க ஒருவரைத் துணைக்கு நிறுத்தலாம். அப்படி நிறுத்த ஆள் வேண்டும். கலிபோர்னியா மாநிலம் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தாம் என்பதை 2004 முதல் சட்டமாகவே நடைமுறைப்படுத்தி வருகிறது. இங்கும் அரசு அத்தகைய சட்டம் இயற்றி, ஒவ்வொரு வார்டின் வாசலிலும் அன்றைய நோயாளிகள், செவிலியர்கள் எண்ணிக்கையை எழுதிவைக்கச் செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி