பெயின்ற் பட்டறைக்கு விடுமுன்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் குணா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோசம். இங்கும் சுகம்தான், என் முழங்காலைத் தவிர. மாரி ஒருவழியாய் ஓய்ந்துவிட்டது. மான்கள் எங்கள் ஒழுங்கை வரை வந்து மனுசி நட்ட செவ்வரத்தையைத் தின்றுவிட்டுப் போகின்றன. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் அவற்றைப் படம் எடுக்கிறார்கள், இவள் தும்புத்தடியோடு நிற்கிறாள்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். அப்பாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரை அடுத்த மாதம் டிங்கரிங், பெயின்ற் வேலைக்கு விடப்போவதாய் எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் விடுமுன் நீயே ஒருநாள் உட்கார்ந்து சின்னச் சாமான்களை எல்லாம் கழற்றி வீட்டில் வைத்துவிடு. பட்டறைக்காரர் கள்ளர் என்று சொல்ல வரவில்லை. என் மொரிஸ் மைனர் காரில் இல்லாமல் போனவற்றை ஒவ்வொன்றாய் யோசித்துப் பார்த்தேன். களவு போனது என்று சொல்ல ஒரு வீல் கப்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் திருத்தப் போன இடத்தில், நல்ல மனத்தோடு கழற்றப்பட்டுத் தொலைந்தவை.

நடப்பது இதுதான். கதவின் உள்பலகையை எடுக்க வேண்டுமென்றால் கண்ணாடி ஏற்றும் கைபிடியைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருப்பது ஒரு சின்ன ஊசி, பின்னால் ஒரு வட்டத் தட்டு. வேலை செய்யும் பொடியன் இரண்டையும் ஒரு ரின் மூடியில் போடுவான். பெயின்ற் முடிந்து பூட்டும் நாளில் அந்த மூடி எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. ஊசிக்குப் பதில் ஆணி. ஆணி கொஞ்ச நாளில் கழன்று விழ, கைபிடியும் எங்கோ போய்விடும். பிறகு காருக்குள் ஒரு குறடு வைத்துக்கொண்டு கண்ணாடி ஏற்றுவோம். எஞ்சின் இப்படிப் போகாது. எஞ்சின் காணாமல் போனால் ஊரே விசாரிக்கும்.

ஸ்பனர் இன்னொரு வில்லங்கம். நம் கார்களின் நட்டுகள் அங்குலக் கணக்கு. இப்போதைய பெடியளிடம் இருப்பது மில்லிமீற்றர் செற். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீற்றர். 13 ஸ்பனர் போட்டால் ஏறும், ஆனால் மூலை உருண்டுவிடும். பிறகு உளி வைத்து வெட்டி எறிந்துவிட்டு, துளையைப் பெருப்பித்து ஜப்பான் போல்ற் போடுவார்கள். எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்தத் துளைக்குத்தான். பழைய சாமான் பின்னால் எங்காவது கிடைத்தாலும் இருந்த இடத்தில் இருத்த ஏலாது.

இங்கே கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கைபிடி, பூட்டு மூடி, சின்னங்கள் எல்லாம் துத்தநாகம் கலந்த வார்ப்பு. மேலே குரோமியம் பளபளக்கும், உள்ளே உப்புப் பட்டால் கொப்பளித்துப் பொருமும். ஒட்டு வைத்தால் உருகிப்போகும். முறிந்தால் முறிந்ததுதான்.

ஆனால் ஒரு புதினம் கேள். என்னுடையது 1960 ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி. 1961 வரை மைனருக்குத் திரும்பும் சைகை விளக்கு இல்லை, அதற்குப் பதில் நடுத்தூணிலிருந்து வெளியே எழும்பித் திரும்பும் பக்கத்தைக் காட்டும் கை. எனக்கு முன் வைத்திருந்தவர் யாரோ அந்தக் கை வெளிவரும் வாயைப் புட்டிப் பசையால் அடைத்து, முன்னால் மோட்டார் சைக்கிள் விளக்குப் பூட்டியிருந்தார். போன மாதம் தூணில் பெயின்ற் வெடித்த இடத்தைச் சுரண்டினேன். புட்டி கட்டியாய் வந்தது. உள்ளே செம்மஞ்சள் கை மடங்கியபடியே இருக்கிறது! மேல்தகட்டில் லூக்காஸ் என்று செய்த கொம்பனியின் பெயர், துணி சுற்றிய பழைய வயர்கூட வெட்டுப்படவில்லை. பற்றறியிலிருந்து நேராய்க் கரண்ட் கொடுத்தேன். டக்கென்று ஒரு விரலளவு எழும்பி நின்றுவிட்டது. கையைத் தூக்கும் மின்சுருளுக்கு உயிர் இருக்கிறது, கீல்தான் துரு. மற்றப் பக்கத்தில் கையைக் காணோம், சுருட்டிய சிங்களப் பேப்பர் மட்டும்.

உன் கேம்பிரிட்ஜின் எயார் கிளீனர் போனது யுத்தத்தின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில்தானே? மண்ணெண்ணெயில் ஓடும்போது, ஸ்டார்ட் பண்ண நாலு சொட்டுப் பெற்றோல் உள்ளே விடுவதற்கென்று அப்பா கழற்றி வைத்தார். கழற்றினதில் பிழையில்லை, யாழ்ப்பாணத்தில் அப்போது கார் ஓடியதே பெரிய காரியம். அது இன்னும் உங்கள் பின்கொட்டிலில் கிடக்கக்கூடும். சாக்குகளைப் புரட்டிப் பார். பற்றறி கிடைக்காத காலத்தில் சுற்றி ஸ்டார்ட் பண்ணிய இரும்புக் கம்பியும் அங்கேதான் இருக்கும்.

பொனற்றைத் திறந்தால் தெரியும் சேசி இலக்கத் தகட்டை மட்டும் மறந்துவிடாதே. என்னுடையதில் இரண்டு கதவா நாலு கதவா என்பதுகூட அந்த எழுத்துகளில் இருக்கிறது. 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீடு எடுக்கும்போது சேசி இலக்கம் கேட்டது ஞாபகம்தானே? பெயின்ற் அடிக்கிறவனுக்கு அது ஒரு தகரத் துண்டு. கழற்றாமல் மேலால் அடித்தாலும் எழுத்து நிரம்பிவிடும். முதலில் படம் எடு, பிறகு கழற்று.

புதுசாய் வாங்கலாம் என்று மகன் சொல்வான். மைனர் 16 இலட்சத்துக்கு மேல் செய்த கார். இங்கிலாந்தில் இப்பவும் சாமான் செய்து விற்கிறார்கள், காசுதான் வேண்டும். கேம்பிரிட்ஜுக்கு அந்த வசதி குறைவு. இங்கேயும் 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் கொட்டில்களில் கிடந்த பழைய கார்களுக்கெல்லாம் விலை ஏறியது. ஒன்றை ஓட வைக்க இன்னொன்றைப் பிரித்தார்கள். நெளிந்திருந்தாலும் உன் காரோடு வந்ததை எறியாதே. அதன் துளைக்கு அதுதான் பொருந்தும்.

மருமகன் வருகிற சனிக்கிழமை யாழ்ப்பாணம் வருகிறான். அவனிடம் ஒரு பிஸ்கட் ரின் தந்துவிடுகிறேன். உள்ளே லூக்காஸ் சைட் லாம்ப் கண்ணாடி இரண்டு, சோக் குமிழ் ஒன்று, அங்குல நட்டுகள் கொஞ்சம். பொருந்தினால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் அவனிடமே திருப்பிவிடு. உன் கொட்டிலில் இடப்பக்கத்துக் கை ஒன்று அகப்பட்டால் எந்தக் காரினது என்றாலும் அனுப்பு, உடைந்தாலும் பரவாயில்லை. ரின்னை வெறுமையாய் அனுப்பாதே, மனுசி பனாட்டுக் கேட்கிறாள்.

அன்புடன்,
ராசன்