ஃப்ரெட் டாக் பற்றி நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மீண்டும் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதே பெரிய ஆறுதல். இங்கே நாங்கள் அனைவரும் நலம். பேத்திக்குப் பேச்சு வந்துவிட்டது. வீட்டில் வேறு யாருக்கும் பேச வாய்ப்பில்லை.

நியூசிலாந்துக்காரர்கள் எதற்குச் சிரிப்பார்கள் என்று கேட்டிருந்தாய். ஃப்ரெட் டாக்கைப் பற்றிச் சொன்னாலே போதும். 1970களில் ஜான் கிளார்க் என்ற கலைஞர் தொலைக்காட்சியில் நடித்துப் புகழ்பெற்ற கற்பனை விவசாயி அவன். கையில்லாத கறுப்பு பனியன், ரப்பர் பூட்ஸ், தொளதொளத்த தொப்பி. நியூசிலாந்தின் தைஹாபே என்ற சிற்றூர்ப் பக்கம் பண்ணை. ஏழு மகன்கள், ஏழு பேருக்கும் ட்ரெவ் என்றே பெயர்!

பட்டிக்காட்டானைக் கேலிசெய்யும் வேடிக்கை என்றுதான் முதலில் தோன்றும். கூர்ந்து பார்த்தால் அவன் யாரிடமும் ஏமாறுவதில்லை. பெரிய மனிதர்களின் பகட்டை எருவைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்து, முகம் மாறாமல் ஒரு வார்த்தை சொல்வான். அந்த நிதானத்துக்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போனது.

அவன் வந்த காலமும் அப்படி. 1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. அதுவரை வெண்ணெயையும் ஆட்டிறைச்சியையும் பிரிட்டனில் விற்றே வாழ்ந்த நியூசிலாந்து கலங்கிப்போயிருந்தது. அப்போது இவன், 'நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம் நமக்கே தெரியவில்லை' என்று பாடினான். மக்களில் பெரும்பாலோர் அதற்குள் நகரவாசிகள். பண்ணைச் சேற்றை மிதித்தே இராதவர்கள்கூட அவனைத் தங்கள் ஆள் என்றார்கள். அது கிராமத்தின் மீதான ஏக்கம் மட்டுமல்ல என்பது என் எண்ணம். தாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று லண்டனைக் கேட்காமல் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. தைஹாபே ஊரும் ரப்பர் பூட்ஸைத் தன் அடையாளமாகவே வைத்துக்கொண்டது. தகரத்தில் செய்த பெரிய பூட்ஸ் ஒன்று அங்கே நிற்கிறது.

கிளார்க் 1977இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். பின்னாளில் பிரையன் டா என்ற நகைச்சுவைக் கலைஞருடன் சேர்ந்து நடத்திய நையாண்டி நேர்காணல்களில், வேஷமோ குரல்மாற்றமோ இல்லாமல் அரசியல்வாதிகளாக வந்து அமர்வார். 2017இல் அவர் மறைந்தபோது இரு நாடுகளும் தங்கள் வீட்டு மனிதரை இழந்ததாக வருந்தின. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்த நேர்காணல்களில் ஒன்றிரண்டை முதலில் பார். அதன் பிறகு ஃப்ரெட்டைப் பார்த்தால், இருவருக்கும் ஒரே பார்வை என்பது உனக்கே புரியும். பார்த்துவிட்டு எழுது. மருந்தை விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்