ஊதுபத்திப் புகை போகும் வழி

மதுரை
மே 18

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. வைகாசி முகூர்த்தம் என்பதால் ஸ்டுடியோவில் ஆல்பமும் வீடியோவும் குவிந்து கிடக்கின்றன. ராத்திரி ஒரு மணிக்குக் குறைந்து ஷட்டரை இறக்கிய நாளில்லை. இன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருக்கும் அப்பா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம், "இவ்வளவு தூசி இருக்கே, யாரும் துடைக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டாள். எத்தனை வருஷமாக அந்தத் தூசி அவள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது மனசு கனத்துவிட்டது. இப்போது தினமும் காலையில் அவளே துடைக்கிறாள்.

மருமகள் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருஷம் போகிறாள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். பள்ளிக்கூடத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் வீடு வீடாக வரைந்துகொண்டிருந்த பிள்ளை. அவளுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதைப் பற்றிக் கேட்டிருந்தாய் அல்லவா, அதற்கு நிதானமாகவே பதில் எழுதுகிறேன். இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம்.

கம்ப்யூட்டர் பாகங்களை வைக்கிற பெட்டி, அதாவது கேபினட், மேஜையில் அடங்குகிற அளவு சின்னதாக அவளுக்கு வேண்டும். உங்கள் ஊர்க் கடைக்காரர், சின்னது என்றாலே சூடாகும், ஆறு விளக்கு ஃபேன் வைத்த பெரிய கண்ணாடிப் பெட்டிதான் நல்லது என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறாய். மருமகள் பக்கம்தான் நான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார். அவள் பட்டியலில் இருப்பது ரைசன் 7 7700 பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டும். முழு வேகத்தில் ஓடும்போது பிராசசர் 88 வாட் வரை இழுக்கும், கார்டு 200 வாட். மற்றதெல்லாம் சேர்த்து 300 வாட் என்று வை. இத்தனை மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் மாறும். உள்ளே போகிற காற்று வெளியே வரும்போது 10 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கக் கூடாது என்றால், நொடிக்குச் சுமார் 26 லிட்டர் காற்று அந்தப் பெட்டியைக் கடந்து போயாக வேண்டும். ஏறக்குறைய இரண்டு குடம் காற்று, ஒவ்வொரு நொடியும். பெட்டி 20 லிட்டராக இருந்தாலும் 50 லிட்டராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பெரிய பெட்டியில் கூடுதலாக இருக்கிற காற்று ஒரு நொடிக்குத்தான் தாங்கும். அதற்குப் பிறகு காற்றுக்கு வழி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

கடைக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெரிய பெட்டியில் பிராசசர் சூட்டைத் தணிக்கிற கூலரைப் பெரிதாக வைக்கலாம், பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றும், வயர்கள் வழியை மறிக்காது. அவ்வளவுதான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு மூடிவிட்டால் அந்த லாபமெல்லாம் போய்விடும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்டுடியோவுக்கு ஒரு கேபினட் வாங்கினேன். முன்பக்கம் கறுப்புக் கண்ணாடி, அதற்குப் பின்னால் மூன்று வண்ண ஃபேன். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு விரல் நுழையாத இடுக்கு. காற்றுக்கு இருந்த வழி அது மட்டும்தான். மாசி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. சித்திரையில் ஒரு கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கினால், 25 நிமிஷத்தில் முடிய வேண்டியது 40 நிமிஷம் இழுத்தது. பிராசசர் 95 டிகிரியைத் தொட்டுத் தன்னைத் தானே வேகம் குறைத்துக்கொண்டிருந்தது. பிராசசர் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து புதிதாக ஒன்றுக்குப் பணம் புரட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தி கையில் இருந்தது. என்னவோ தோன்றி அதைக் கேபினட்டின் முன்னால் பிடித்தேன். மூன்று ஃபேனும் சர்ரென்று சுற்றுகின்றன, புகை நேராக மேலே போகிறது. கண்ணாடிப் பக்கம் துளிக்கூடச் சாயவில்லை. இடுக்கின் அருகே கொண்டுபோனால் மட்டும் மெல்லிய நூலாக உள்ளே வளைந்தது. கண்ணாடியைக் கழற்றி எடுத்தேன். ஒரு சாண் தூரத்திலிருந்தே புகை படுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. அதே வீடியோவைத் திரும்பப் போட்டேன். 81 டிகிரி, 27 நிமிஷம். அந்தக் கண்ணாடி இப்போது பரணில் கிடக்கிறது.

அதனால் கடைக்குப் போனால் முன்பக்கத்தை முதலில் பார்க்கச் சொல். ஃபேன் எத்தனை என்று எண்ண வேண்டாம். ஒரு 12 சென்டிமீட்டர் ஃபேனே நிறைய வேலை செய்யும். ஆர்க்டிக் பி12 என்ற ஃபேன் 1800 சுற்றில் நிமிஷத்துக்கு 56.3 கன அடி காற்று தள்ளும் என்று அந்தக் கம்பெனி போடுகிறது. நொடிக் கணக்கில் பார்த்தால் 26 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. நமக்கு வேண்டிய அளவு அப்படியே இருக்கிறது. ஆனால் அது எதிரே எதுவும் மறிக்காதபோது. வலையும் தூசி வடிகட்டியும் வந்துவிட்டால் நன்றாகவே குறையும். அதனால் உள்ளே இழுக்க இரண்டு, வெளியே தள்ள ஒன்றோ இரண்டோ இருந்தால் தாராளம்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. சூட்டில் பெரும் பங்கு அதனுடையது, அதனால் வெளிக்காற்று அதற்கு நேராகக் கிடைக்க வேண்டும். இப்போது வருகிற கார்டுகளில் ஃபேன் அடிப்பக்கம் பார்த்து இருக்கும். கீழேயிருந்து காற்றை இழுத்துச் சூட்டை மேலே விடும். பெட்டியின் அடியில் வலை இருந்து, கால்களும் நல்ல உயரமாக இருந்தால் கார்டு சுலபமாக மூச்சு விடும். அங்கே தகடு அடைத்திருந்தால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். சூடான காற்று மேலே போகும் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது சரிதான். ஆனால் ஃபேன் தள்ளுகிற வேகத்துக்கு முன்னால் அந்த இயற்கைச் சக்தி மிகச் சின்னது. அதை நம்பி எதையும் திட்டமிட முடியாது. கீழேயும் முன்னாலும் இழுக்க, மேலேயும் பின்னாலும் தள்ள என்று வைத்தால் இரண்டும் ஒரே திசையில் போகும்.

எவ்வளவு சின்னது என்பதுதான் மீதி. மருமகள் அனுப்பிய படத்தில் இருந்தது ஃபிராக்டல் டெரா என்ற கேபினட், 10.4 லிட்டர். பார்க்க அழகு, நானும் ஒத்துக்கொள்கிறேன். அதில் பிராசசர் உட்காரும் மதர்போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம், நடுவில் ஒரு தடுப்பு. கார்டுக்குப் பக்கவாட்டிலிருந்து நேராகக் காற்று கிடைக்கும். தடுப்பை நகர்த்தலாம், ஆனால் கார்டுக்கு விட்ட இடத்தைப் பிராசசர் கூலரிடமிருந்து எடுக்க வேண்டும். கூலருக்கு அதிகபட்சம் 7.7 சென்டிமீட்டர், கார்டு தடிமனாக இருந்தால் 4.8 வரை இறங்கிவிடும். குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு அது போதும். வேலூரில் மே மாத மத்தியானத்தில் ரெண்டர் போடுகிற பிள்ளைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வீடியோக்களில் பார்க்கிற அளவெல்லாம் 22, 23 டிகிரி அறையில் எடுத்தவை. அறை 15 டிகிரி கூடினால் உள்ளேயும் கிட்டத்தட்ட அதே 15 கூடும். அங்கே 78 காட்டியது உன் வீட்டில் 93.

இந்த மாதிரிச் சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன மதர்போர்டுக்கானவை. 17 சென்டிமீட்டர் சதுரம், ரேம் போட இரண்டே இடம், கார்டுக்கு ஒரே இடம், விலையும் கூடுதல். பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவில் வேண்டும். அது கெட்டால் உள்ளூரில் உடனே கிடைக்காது. ஸ்டுடியோவுக்கு இரண்டாவதாக நான் போட்டது கூலர் மாஸ்டர் என்ஆர்200. 18 லிட்டர் சொச்சம், பக்கவாட்டிலும் மேலேயும் கீழேயும் ஓட்டை, மூன்று கோடையைப் பார்த்துவிட்டது, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கும் எஸ்எஃப்எக்ஸ்தான். போன வருஷம் இடியில் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. மாற்று வந்து சேர ஒன்பது நாள். முகூர்த்த நேரத்தில் ஒன்பது நாள் என்றால் உனக்குத் தெரியும்.

அதனால் அவளுக்கு, மினி ஐடிஎக்ஸைவிடக் கொஞ்சம் பெரிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் சாதாரண அளவு எஸ்எம்பிஎஸ்ஸும் ஏற்கிற பெட்டியாகப் பார்க்கலாம். இரண்டு எனக்குப் பிடித்திருக்கின்றன. ஒன்று லியான் லி ஏ3, 26.3 லிட்டர். இன்னொன்று ஆசுஸ் ஏபி201, 33 லிட்டர், 35 சென்டிமீட்டர் உயரம், 20.5 அகலம், 46 ஆழம். இரண்டிலும் பார்க்கிற பக்கமெல்லாம் வலை. தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ மாதிரி 15.5 சென்டிமீட்டர் உயரக் கூலர் இரண்டிலும் நிற்கும். அந்தக் கூலர் விலைக்கு நல்ல பொருள், தண்ணீர்க் குழாய் வைத்த கூலர் எதுவும் அவளுக்குத் தேவையில்லை. இடம் இருந்தால் ஏபி201, மேஜை நெருக்கம் என்றால் ஏ3. கண்ணாடிப் பக்கம் வைத்தும் விற்கிறார்கள். நாலு பக்கமும் வலையாக இருப்பதைக் கேட்டு வாங்கு. எவ்வளவு நீளக் கார்டு அடங்கும் என்று கேபினட்டின் விவரத்தில் எழுதியிருக்கும், அதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு எங்கே வைக்கப்போகிறோம் என்பதில் கோட்டை விடக் கூடாது மாப்ள. உன் வீட்டு மேஜை எனக்கு நினைவிருக்கிறது. சிபியு வைக்கக் கீழே ஒரு அறை, பின்பக்கம் பலகை அடைத்தது, முன்னால் கதவு. அதற்குள் எந்தக் கேபினட்டை வைத்தாலும் வெளியே விட்ட சூடு பலகையில் முட்டித் திரும்ப முன்பக்கமே வரும். அரை மணி நேரத்தில் அந்த அறையே அடுப்பாகிவிடும். பின் பலகையைத் தச்சரை வைத்து எடுத்துவிடு, இல்லை பெட்டியை மேஜை மேலேயே வை. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் விடு. தங்கச்சி அழகுக்கு என்று அடியில் துணி விரித்துவிடப் போகிறது, கீழேயிருந்து காற்று எடுக்கிற பெட்டிக்கு அது கூடவே கூடாது என்று சொல்லிவை.

நம் ஹாஸ்டல் அறையில் பென்டியம் 4 வைத்திருந்தோமே, பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு நாம் இரண்டு பேரும் தரையில் ஈரத்துண்டு விரித்துப் படுத்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த ஃபேன் காற்று நமக்கு வந்ததைவிட அதற்குப் போனதுதான் அதிகம். அன்றைக்கும் வழியைத்தான் திறந்துவிட்டிருக்கிறோம், காரணம் தெரியாமலே. ஆனால் கதவைக் கழற்றிப் போட்டால் தூசி எல்லாப் பக்கமும் புகுந்துவிடும். வலையோடு இருக்கிற பெட்டியில் வெளியே தள்ளுவதைவிட உள்ளே இழுப்பது சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது காற்று வடிகட்டி வழியாக மட்டும் நுழையும், மற்ற இடுக்குகள் வழியாக வெளியேதான் போகும். வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழற்றி, குழாயடியில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டச் சொல். பூப்போல மெல்லிசாகத் தூசி படிந்தாலே காற்று குறைந்துவிடும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்ற விடக் கூடாது.

ஆனி பத்து தேதிக்கு மேல் எனக்கு வேலை குறையும். பாகங்களை வாங்கி வைத்துவிடு, அசெம்பிள் மட்டும் செய்யாதே. நான் வந்து மருமகளையே செய்ய வைக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்கிறேன். பின்னால் ஏதாவது என்றால் அவளே திறந்து பார்ப்பாள். என்னிடம் மிச்சமிருக்கிற இரண்டு ஃபேனையும் எடுத்து வருகிறேன், அதற்குச் செலவு பண்ணாதே.

அதற்கு முன்னால் அந்த மேஜையின் உள் அளவை மட்டும் டேப் வைத்து எடுத்து அனுப்பு. உயரம், அகலம், ஆழம் மூன்றும் வேண்டும். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை, அதையும் மறக்காமல் எழுது. அம்மா உங்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். தங்கச்சியையும் மருமகளையும் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள