கரன்ட் எரிப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கதிர்வீச்சு சிகிச்சைக் கட்டுரையில், 'கதிர்கள் புற்றுநோய்ச் செல்களை எரித்துச் சாம்பலாக்கிவிடும்' என்று ஒரு வரி இருந்தது. கட்டுரையின் மற்ற பகுதிகளில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு, மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு 25 சிட்டிங் 'கரன்ட்', அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம். மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருந்தோம். மார்பில் மையால் போட்ட கோடு அழிந்துவிடக் கூடாது என்று அத்தனை நாளும் அவள் கோழி போல ஒதுங்கி ஒதுங்கித்தான் குளித்தாள். பக்கத்து அறையில், தொண்டைக்குக் கரன்ட் வைத்துக்கொள்ள வந்த ஒரு மணிலாக்கொட்டை விவசாயி. காய் பிடுங்கும் நேரம் அவருக்கு. "எரிக்கத்தானே போகிறார்கள்? இரண்டு நாள் கரன்ட்டை ஒரே நாளில் வைத்துவிட்டால் சீக்கிரம் ஊர் போய்ச் சேரலாமே, அண்ணே" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

இயந்திரத்துக்குக் கதிர் அளவைக் கணக்கிடும் பெண்ணிடம் போய்க் கேட்டேன். என் மகள் வயதுதான் இருக்கும். "எரிப்பதில்லை ஐயா. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை முறிக்கிறது. நல்ல செல்லிலும் முறியும், கெட்ட செல்லிலும் முறியும். நல்ல செல் நின்று சரிசெய்துகொள்ளும். அதற்கு நேரம் விட்டுத்தான் நாளைக்கு வரச் சொல்கிறோம்" என்றார்.

'நின்று' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் விருத்தாசலம்–அரியலூர் தடத்தில் 34 ஆண்டுகள் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்தவன். மார்கழி விடியலில் குளிரில் இறுகித் தண்டவாளம் முறிவதுண்டு. அதைக் கண்ட கீமேன் (தடத்தை நடந்து பார்த்துவரும் ஊழியர்) முதலில் சுத்தியலை எடுக்க மாட்டார். கொடியை எடுத்துக்கொண்டு ஓடுவார். 600 மீட்டரில் குறுக்கே பேனர் கொடி, 1200 மீட்டரில் தண்டவாளத்தின் மேல், சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் டெட்டனேட்டர் மூன்று. அதற்குப் பிறகுதான் பழுதுபார்க்கும் வேலை. 1956 நவம்பரில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்றில் கவிழ்ந்ததும் அதே பாதையில், அரியலூரைத் தாண்டித்தான். முதலில் வண்டியை நிறுத்து என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் என் மகள் மீதிக் கதையைச் சொன்னாள். 1988இல் டெட் வைனர்ட், லீலண்ட் ஹார்ட்வெல் என்ற அமெரிக்கர்கள், ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். சாதாரண ஈஸ்ட் பிரிவதை நிறுத்தி, முறிவைச் சரிசெய்து, பிறகு பிரிந்தது. ராட்9 என்ற மரபணு கெட்டுப்போன ஈஸ்ட்டோ நிற்கவில்லை. முறிந்த இழையோடு பிரிந்து செத்தது. அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அந்தக் கெட்டுப்போன ஈஸ்ட்டை ஒரு மருந்து கொடுத்துச் சில மணி நேரம் பிரியவிடாமல் பிடித்துவைத்தார்கள். சாக வேண்டியவற்றில் பல பிழைத்துக்கொண்டன! பழுதுபார்க்கும் கேங்கும் கருவியும் அதனிடம் இருந்திருக்கின்றன. கொடி பிடிக்கத்தான் ஆள் இல்லை. செல் பிரிவதைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஹார்ட்வெல் ஒருவர்.

நம் செல்லில் முறிவை முதலில் உணர்ந்து சேதி அனுப்பும் புரதங்களில் ஒன்றின் பெயர் ஏ.டி.எம். (பணம் எடுக்கும் பெட்டி அல்ல, அந்தப் பெயரைக் கேட்டு என் மனைவி சிரித்துவிட்டாள்.) சேதி பி53 என்ற புரதத்துக்குப் போகிறது. சாதாரண நாளில் பி53 உண்டான கையோடு அழிக்கப்பட்டுவிடும். முறிவு நேர்ந்தால் அந்த அழிவு நின்று அதன் அளவு ஏறும். அது பி21 என்ற இன்னொன்றை உண்டாக்கும். பி21 போய், செல்லைப் பிரிவுப் பாதையில் இழுத்துச் செல்லும் சிடிகே என்ற எஞ்சினைப் பிடித்துக்கொள்ளும். வண்டி நின்றது.

ரயில்வே உவமை இதுவரைதான் செல்லும். எங்கள் தடத்தில் எஞ்சினுக்கும் கேங்குக்கும் ஒட்டுறவு கிடையாது. செல்லில் அந்தச் சிடிகேதான் எந்த வகைப் பழுது பார்க்கலாம் என்பதற்கும் அனுமதி கொடுக்கிறதாம். டி.என்.ஏ. இன்னும் நகல் எடுக்கப்படாத கட்டத்தில், பழுதுபார்க்கும் புரதங்கள் முறிந்த இரு முனைகளையும் அப்படியே ஒட்டிவிடும். டி.என்.ஏ.வில் எழுதியிருக்கும் சேதியில் இரண்டொரு எழுத்து தொலைந்தாலும் தொலையும். முறிந்த தண்டவாளத்தை அவசரத்துக்கு இணைக்க நாங்கள் போடும் ஃபிஷ்பிளேட் என்ற இரும்புப் பட்டை மாதிரி. நகல் எடுத்த பிறகோ சிடிகே வேகம் பிடித்திருக்கும். சிடிஐபி என்ற புரதத்தில் அது ஒரு முத்திரை குத்தும். அதன் பிறகு முனைகளைச் சீவி, பக்கத்திலுள்ள நகலைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் அவை சரிசெய்கின்றன. மார்பகப் புற்றுநோய்ச் செய்திகளில் அடிபடும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களின் புரதங்கள் இரண்டும் இந்த இரண்டாவது வழியில் வேலை பார்ப்பவை.

புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53 மரபணு கெட்டிருக்கிறது. அத்தகைய செல்லில் கொடி சரியாக ஏறாது. முறிந்த இழையோடு பிரியப் போய், பிரியும்போது சாகும். அல்லது ஓரிரு தலைமுறை கழித்துச் சாகும். எல்லாம் இப்படித்தான் என்றில்லை, நின்று சரிசெய்துகொள்ளும் புற்றுநோய்ச் செல்லும் உண்டு. அதனால்தான் இத்தனை சிட்டிங். நல்ல செல்லுக்கு முறிவின் பெரும்பகுதியைச் சரிக்கட்டக் குறைந்தது ஆறு மணி நேரமாவது விட வேண்டும் என்பது கணக்கு. இப்போது மார்பகத்துக்கு 15 சிட்டிங்கில் முடிக்கிறார்கள் என்று யாராவது எனக்குப் பதில் எழுதக்கூடும். உண்மைதான். அது பல ஆண்டு சோதித்து, அளவைக் கணக்கிட்டுக் குறைத்தது. நோயாளி அவசரப்பட்டு இரண்டை ஒன்றாக்கியது அல்ல. நாள் தவறவிடுவதும் கூடாது. அந்த இடைவெளியில் புற்றுநோய்ச் செல் பெருகிவிடும்.

இதையெல்லாம் அந்த விவசாயியிடம் நான் சொன்னபோது, பி53, பி21 எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "ராத்திரியில் உங்கள் நல்ல சதை பழுதுபார்த்துக்கொள்கிறது, அதற்குத்தான் இந்த நாள் கணக்கு" என்றேன். அது ஏறியது. சனிக்கிழமை காலை பஸ் பிடித்துப் போய்க் காய் பிடுங்கிவிட்டு, ஞாயிறு இரவு லாட்ஜுக்குத் திரும்பினார். கடைசி சிட்டிங் வரை அப்படித்தான்.

'எரிக்கும்' என்று படிப்பவருக்கு, இன்னும் கொஞ்சம் எரித்தால் சீக்கிரம் முடியுமே என்றுதான் தோன்றும். 'முறிக்கும்' என்று ஒரு திருத்தமும், நாள் இடைவெளி ஏன் என்று நான்கு வரியும் அதே பக்கத்தில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இருப்புப்பாதை மேற்பார்வையாளர்,
விருத்தாசலம்.