எல்லாரும் இடப்பக்கமாகவே வந்தார்கள்

அன்புள்ள பாப்பா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று ஹெட்செட்டையும் பார்த்தேன். வெள்ளிக்கிழமையோடு ஆஃபர் முடிகிறது, அதற்குள் எது என்று சொல்லு என்றாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆஃபர் முடிந்தால் முடியட்டும். அடுத்த வாரம் வேறு பெயரில் வரும்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது உன் பழைய ஹெட்செட்டை என் தலையில் மாட்டி, வேலரன்ட் என்கிற கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் யார் எங்கே நடக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? ஒருவன் இரும்புத் தகட்டின் மேல் நடக்கிறான் என்றேன். சரி என்றாய். இப்போது மரப்பலகை என்றேன், அதற்கும் சரி. எந்தப் பக்கம் என்று கேட்டாய். இடது என்றேன். அடுத்தவன்? இடது. அதற்கடுத்தவன்? அவனும் இடதுதான். "எல்லாரும் இடப்பக்கமாகவே வருவாங்களாம்மா?" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய், அப்பாவும் சேர்ந்துகொண்டார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குக் காரணம் அப்போதே கொஞ்சம் புரிந்துவிட்டது.

நீ ஊருக்குப் போன பிறகு காது டாக்டரிடம் போய், எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஆடியோகிராம் எடுத்தேன். இடது காதின் கோடு என் வயதுக்குப் பரவாயில்லை. வலது காதின் கோடு உச்ச சுருதிப் பக்கம், 3000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரிந்து, 4000-இல் பள்ளமாக விழுந்திருக்கிறது. சத்தத்தால் கெட்ட காதுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பள்ளம் விழும். "ஏதாவது மில்லில் வேலை பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஹெட்போன் போட்டு வேலை பார்த்தேன் டாக்டர் என்றேன்.

1988-இல் நான் டெலிபோன் ஆபீஸில், வெளியூர் கால்களை இணைக்கிற டிரங்க் போர்டில் உட்கார்ந்தபோது எனக்கு இருபது வயது. ஒற்றைக் காது ஹெட்செட். எனக்கு வலது காதுதான் பழக்கம். எதிர்முனைக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும், அதைப் பிடிக்க அந்தக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது பார்த்து லைனில் 'டப்' என்று ஒன்று அடிக்கும். ஐப்பசி மாதத்தில் இடி இடித்தால் சொல்லவே வேண்டாம், பக்கத்து நாற்காலிப் பெண் ஹெட்செட்டைப் பிடுங்கி மேஜையில் போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். ஏழு வருஷம் இப்படி. அப்புறம் பரீட்சை எழுதி ஜேடிஓ, அதாவது ஜூனியர் டெலிகாம் ஆஃபீசர் ஆகி, கோளாறு பார்க்கும் டெஸ்ட் பெஞ்சுக்குப் போனேன். மெல்லிய சத்தத்தைப் பிடிக்கக் காதைத் தீட்டு, திடீரென்று வரும் பெரிய சத்தத்தில் அடி வாங்கு. உன் ஆட்டத்தை உன் பின்னால் நின்று பார்த்தபோது அதே வேலையைத்தான் நீயும் செய்கிறாய் என்று தோன்றியது. காலடிச் சத்தத்துக்காக வால்யூமை ஏற்றுகிறாய், அதே வால்யூமில் துப்பாக்கி வெடிக்கிறது.

சரி, ஹெட்செட்டுக்கு வருகிறேன்.

நீ முதலில் போட்டிருந்தது 7.1 சரவுண்ட், பதினெட்டாயிரம் ரூபாய், ஓரமெல்லாம் கலர் விளக்கு. விளக்கு உன் தலையில் எரியும், நீ பார்க்கப் போவதில்லை. அதை விடு. 7.1 என்றால் எட்டு ஸ்பீக்கர் என்று அர்த்தம். இந்த மாதிரி ஹெட்செட்டில் பெரும்பாலும் இருப்பது காதுக்கு ஒன்றாக இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் சாஃப்ட்வேர் செய்யும் வித்தை. நமக்கு இருப்பதும் இரண்டு காதுதானே, அதை வைத்துத்தானே முன்னால் பின்னால் எல்லாம் கண்டுபிடிக்கிறோம்? வலப்பக்கத்துச் சத்தம் வலது காதுக்கு முதலில் வருகிறது, இடது காதுக்குக் கொஞ்சம் பிந்தி வருகிறது. அந்தப் பிந்தல் அதிகபட்சம் 0.7 மில்லி செகண்டுதான், ஆனால் மூளைக்கு அது போதும். உச்ச சுருதிகளுக்குத் தலையே குறுக்கே நின்று நிழல் போடும், அதனால் ஒரு காதில் சத்தம் குறையும். முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்பதைக் காது மடலின் மடிப்புகள் சொல்லும். அந்த மடிப்பு வேலை நடப்பது 4000, 5000 ஹெர்ட்ஸுக்கு மேல். என் வலது காது சரிந்திருப்பதும் அந்தப் பக்கம்தான்.

இந்தக் கணக்கு முழுவதையும் போட்டு இரண்டு காதுக்கான ஒலியை ஆட்டமே தயாரித்துக் கொடுக்கிறது. அதற்குத்தான் ஹெச்ஆர்டிஎஃப் என்று பெயர். வேலரன்ட்டில் 2021-இலேயே வந்துவிட்டது, ஆடியோ செட்டிங்கில் இருக்கிறது. நீ அதையும் ஆன் செய்து, ஹெட்செட்டின் 7.1-ஐயும் ஆன் செய்து வைத்திருந்தாய். ஒரு முறை கலந்த சாம்பார் சாதத்தில் மறுபடி சாம்பார் ஊற்றின மாதிரி. திசையெல்லாம் குழைந்துபோகும். ஹெச்ஆர்டிஎஃப் மட்டும் இருக்கட்டும், விண்டோஸில் வெறும் ஸ்டீரியோ வை, மற்ற சரவுண்டையெல்லாம் அணை. இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஹெட்செட் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டு நாலு நாள் ஆடிப் பார்.

இரண்டாவது படம் ப்ளூடூத். வேண்டவே வேண்டாம். சாதாரண ப்ளூடூத்தில் சத்தம் வந்து சேர 150, 200 மில்லி செகண்ட் ஆகும். பாட்டு கேட்கப் பரவாயில்லை. அதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. அந்த ஹெட்செட்டின் மைக்கில் நீ பேச ஆரம்பித்ததும் அது பொதுவாக போன் பேசும் மோடுக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய், இரண்டு காதுக்கும் ஒரே ஒலி வருகிற மோனோ ஆகிவிடும், ஒலியின் அகலமும் சுருங்கிவிடும். எங்கள் காலத்து டெலிபோன் லைனில் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும், பேச்சுக்கு அது போதும் என்று வைத்திருந்தார்கள். இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய சாமான் அந்த லைனை நோக்கித் திரும்பிப் போகிறது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒயர் வேண்டாம் என்றால் யுஎஸ்பி டாங்கிள் வைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையைப் பார். அதில் தாமதம் தெரியாது. ஆனால் சார்ஜ் போட மறக்கிற பெண்ணுக்கு ஒயர்தான் நல்லது.

மூன்றாவது உன் டீம் பையன் சொன்னது, ஓப்பன் பேக். சென்ஹைசர் ஹெச்டி 560எஸ். அவன் விவரமானவன்தான். பின்பக்கம் ஜன்னல் வைத்த மாதிரி திறந்திருப்பதால் ஒலி மண்டைக்குள்ளேயே அடைபடாமல் வெளியே பரந்து கேட்கும். தூரம், திசை பிரித்துக் கேட்கச் சுகமாக இருக்கும். பாஸும் திம் திம் என்று அடிக்காது. பாஸ் கூடினால் மேலே இருக்கிற மெல்லிய சத்தத்தை முழுங்கிவிடும். கல்யாண வீட்டு பாக்ஸ் பக்கத்தில் நின்று பேசிப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதேதான். எடையும் கால் கிலோவுக்குள்தான். 120 ஓம் என்று பயப்படாதே, லேப்டாப்பில் கொஞ்சம் வால்யூம் கூட்டினால் ஓடிவிடும். 250 ஓம் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ மாதிரி எடுத்தால்தான் தனியாக ஆம்ப்ளிஃபயர் தேட வேண்டிவரும். சில பேர் ஓம் கூடினால் தரம் கூடும் என்று நினைக்கிறார்கள். அது எவ்வளவு தள்ளிவிட வேண்டும் என்கிற கணக்கு, அவ்வளவுதான்.

ஆனால் நீ இருப்பது பி.ஜி. அறையில். மூன்று கட்டில், கடகட ஃபேன், ஜன்னலுக்குக் கீழே பஸ் ஸ்டாப். ஓப்பன் பேக்கில் அந்தச் சத்தமெல்லாம் நேராக உள்ளே வரும், உன் துப்பாக்கிச் சத்தம் நேராக வெளியே போகும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அறைத் தோழி எழுந்து திட்டுவாள். நீயும் ஃபேனை ஜெயிக்க வால்யூமை ஏற்றுவாய். தனி அறை எடுத்த பிறகு 560எஸ் வாங்கு, நானே பணம் தருகிறேன்.

இப்போதைக்கு ஐஇஎம் வாங்கு. காதுக்குள் பொருந்துகிற ஒயர் வைத்த சின்ன இயர்போன். இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்லது கிடைக்கிறது. பெரிய போட்டி மேடைகளில் ஆடுகிறவர்கள் காதுக்குள் இதைப் போட்டுக்கொண்டு, மேலே பெரிய ஹெட்செட்டை மாட்டி அதில் வெறும் இரைச்சலை ஓடவிடுகிறார்கள், கூட்டத்தின் கத்தல் கேட்கக் கூடாது என்று. ஆட்டம் கேட்பது அந்தச் சின்னதில்தான். கூட வரும் ரப்பர் எல்லா சைஸையும் போட்டுப் பார், பெட்டியில் மாட்டி வருவதையே போட்டுக்கொண்டு இருக்காதே. சரியாக அடைத்தால் ஃபேன் சத்தம் பாதி மறைந்துவிடும், வால்யூமைத் தானாகவே குறைப்பாய். இன்னொன்று, உனக்குக் கண்ணாடி இருக்கிறது. பெரிய ஹெட்செட் கண்ணாடிக் காலை அழுத்தி இரண்டு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலி வரும். எனக்கு ஷிஃப்ட் முடிந்து கழற்றினால் தலையில் பள்ளம் விழுந்திருக்கும், உன் பாட்டி தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

மைக்கைத் தனியாக வாங்கு. அதில் சைட்டோன் வருகிறதா என்று மட்டும் பார். அது எங்கள் டெலிபோன் வார்த்தை. ரிசீவரில் நம் குரலே கொஞ்சம் நம் காதுக்குத் திரும்பி வரும்படி வைத்திருப்போம். அது இல்லாவிட்டால் ஆள் கத்த ஆரம்பித்துவிடுவான். காதை அடைத்துக்கொண்டு பேசினால் சொந்தக் குரல் மண்டைக்குள் கும்மென்று கேட்குமே தவிர, வெளியே எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்று தெரியாது. நீ "ஸ்பைக் பி சைட்டில்" என்று கத்தியது நம் தெருமுனை வரை கேட்டது பாப்பா.

வால்யூம் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெசிபல் என்பதே டெலிபோன்காரர்கள் கொண்டுவந்த அளவு, அதில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவும் 2019-இல் போட்ட கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5. நீ வாரத்துக்கு எத்தனை மணி ஆடுகிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. நீயே போட்டுக்கொள். ஆட்டத்தின் பாட்டு, மெனு சத்தம் எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்கு. வீரர்களின் குரலையும் உன் டீம் ஆட்களின் குரலையும் ஒரு படி இறக்கு. காலடி தானாக மேலே வரும். விண்டோஸில் 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் சின்னச் சத்தமும் பெரியதாகக் கேட்கும் என்று உன் டீமில் சொல்வார்கள். கேட்கும்தான். ஆனால் பக்கத்தில் இருப்பவனும் தூரத்தில் இருப்பவனும் ஒரே சத்தத்தில் நடப்பார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

வந்ததும் ஒரு சோதனை செய். யாராவது பேசுகிற மோனோ ஒலி ஒன்றைப் போடு. குரல் சரியாக நெற்றிக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், வலது இடதை மாற்றி மாட்டிப் பார். டெஸ்ட் பெஞ்சில் நாங்கள் முதலில் செய்வது இதைத்தான், கார்டை மாற்றிச் செருகு, கோளாறு எதோடு போகிறது என்று பார். சாய்வும் கூடவே மறுபக்கம் போனால் சாமானில்தான் கோளாறு, ரிட்டர்ன் தேதிக்குள் திருப்பி அனுப்பு. மாற்றி மாட்டிய பிறகும் அதே பக்கமே சாய்ந்தால் கூகுளில் தேடிக்கொண்டிருக்காதே. எந்த நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு. இடது காதில் வைத்துக் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா