எலன் டெர்ரி நினைவு நூற்றாண்டு: ஆயிரம் பொன்வண்டு ஓடுகளுக்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

ஆங்கில நாடக மேடையின் அரசி எலன் டெர்ரி மறைந்து 2028 ஜூலை 21 அன்று நூறாண்டு நிறைகிறது. அன்று மாலை சென்னையில் அவர் வாழ்க்கையை மேடையில் சொல்லவிருக்கிறோம். பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரைத் தழுவித் தமிழில் தந்த ‘மகபதி’ (மெக்பெத்), ‘வாணீபுர வணிகன்’ (வெனிஸ் நகர வணிகன்) நாடகங்களின் காட்சிகள் இடையிடையே வரும். 1888 டிசம்பர் 29 அன்று லண்டன் லைசியம் அரங்கில் மெக்பெத் சீமாட்டியாக அவர் அணிந்த பச்சை உடையைப் போலவே ஒன்றைப் புதிதாகச் செய்து வருகிறோம். பணம் இல்லாததால் அந்த உடை இப்போது பாதியில் நிற்கிறது.

எலன் டெர்ரி 1847-இல் கவெண்ட்ரி நகரில், ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர். 1856-இல், ஒன்பது வயதில், சார்ல்ஸ் கீன் குழுவில் மேடையேறினார். நம் பாய்ஸ் கம்பெனிகளை அறிந்த பெரியவர்களுக்கு அந்தப் பிள்ளைப் பருவத்தின் கடுமை புரியும். ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில் பக் என்ற குறும்புத் தேவதை வேடத்தில் ஒரு நாள் மேடைப் பொறிக்கதவில் அவர் கால்விரல் சிக்கி முறிந்தது. பேச்சை முடித்துவிட்டு வந்தால் சம்பளம் இரட்டிப்பு என்றார் திருமதி கீன். குழந்தை அழுதபடியே முடித்தது. வாரம் 15 ஷில்லிங் 30 ஆனது. பதினாறு வயதில், தம்மைவிட முப்பது வயது மூத்த ஓவியர் வாட்ஸுக்கு மனைவியானார், ஓராண்டுக்குள் பிரிவு. பிறகு கட்டடக் கலைஞர் காட்வினுடன் சில ஆண்டுகள் மேடையைத் துறந்து வாழ்ந்து இரு குழந்தைகளைப் பெற்றார். 1874-இல் திரும்பி வந்தார். 1878 இறுதியில் நடிகர் ஹென்றி இர்விங்கோடு சேர்ந்து ‘ஹேம்லெட்’ நாடகத்தின் ஒஃபீலியாவாகத் தொடங்கி, இருபதாண்டுக்கு மேல் லைசியத்தின் நாயகியாக விளங்கினார். போர்ஷியா, பியட்ரிஸ், இமோஜன் என்று அவர் ஏற்ற ஷேக்ஸ்பியர் வேடங்களுக்கு ஒரு மாலை போதாது.

பச்சை உடைக்கு வருவோம். அதை வடிவமைத்தவர் ஆலிஸ் காமின்ஸ் கார். தைத்தவர் நெட்டில்ஷிப் அம்மையார். பச்சை நூலையும் நீலச் சரிகையையும் சேர்த்துக் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போட்டு, மேலே ஏறத்தாழ ஆயிரம் பொன்வண்டு ஓடுகளைத் தைத்தார்கள். இரும்பு வளையக் கவசம் போலவும், பாம்புச் செதில் போலவும் தோன்ற வேண்டும் என்பது எண்ணம். வண்டு ஓட்டின் பச்சை, சாயம் அல்ல. ஓட்டின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். அதனால்தான் நூற்றாண்டு கடந்தும் மங்கவில்லை. இந்த வேலை நமக்கு அந்நியமும் அல்ல. மெல்லிய மஸ்லினில் வண்டு ஓடு பதித்த பூவேலை 19-ஆம் நூற்றாண்டில் மதராசிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. நம் ஊர்க் கைகள் செய்த வேலையை நாமே மறந்தது வருத்தத்துக்குரியது.

பிளாஸ்டிக் ஜிகினா போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது. பக்கவாட்டிலிருந்து மஞ்சள் ஒளி விழும்போது ஜிகினா ஒரே மாதிரி பளிச்சிடும். ஓடோ, நடிகை திரும்பும்போதெல்லாம் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும்.

வேலையின் கணக்கு இது. ஓடுகள் 1,200; இதில் 200, தைக்கும்போது உடைபவற்றுக்கான கூடுதல். தானாக இறந்த வண்டுகளின் ஓடுகளை மட்டும் தாய்லாந்திலிருந்து தருவிக்கிறோம்: ரூ.36,000. காய்ந்த ஓட்டில் ஊசி குத்தினால் விண்டுவிடும். முதலில் ஐந்து நிமிடம் நீராவி காட்டி, சூடு ஆறுவதற்குள் இரு முனையிலும் துளையிட வேண்டும். முடிச்சை இறுக்கினால் நடிகை குனியும்போது ஓடு பிளக்கும்; தளர்த்தினால் தொங்கும். ஓட்டுக்கு ஏழு நிமிடம் என்று 140 மணி நேரக் கூலி ரூ.35,000. குரோஷா 300 மணி நேரம், ரூ.75,000. நூலும் சரிகையும் ரூ.32,000. வெல்வெட் மேலங்கி ரூ.42,000. அரங்கம், விளக்கு, ஒத்திகை ரூ.1,30,000. ஆக மொத்தம் ரூ.3,50,000.

குரோஷா தன் எடையிலேயே இழுபட்டு நீளும். கொக்கியில் மாட்டினால் ஒரு மாதத்தில் தோள் சரிந்துவிடும். ஆகவே உள்ளே வலைத்துணி கொடுத்து, பெட்டியில் படுக்கவைத்தே காக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் பிறகு அழ வேண்டியிருக்கும். மூல உடையைச் செப்பனிட இங்கிலாந்தில் 1,300 மணி நேரமும் 1,10,000 பவுண்டும் ஆயின. 2011-இல்தான் அது மீண்டும் காட்சிக்கு வந்தது.

இதுவரை வந்தது ரூ.2,12,000. தம் ஓய்வூதியத்தின் முதல் மாதத் தொகையை அப்படியே கொடுத்த ஆசிரியை அம்மாவுக்கும், மறைந்த மனைவியின் நினைவாக நூல் செலவு முழுவதையும் ஏற்ற பெரியவருக்கும், உண்டியல் உடைத்து ரூ.640 கொண்டுவந்த பள்ளி மாணவிகளுக்கும், கூலியில் பாதியைக் குறைத்துக்கொள்ள முன்வந்தும் நாங்கள் ஏற்க மறுத்த குரோஷாக் கலைஞர்களுக்கும், மாதம் தவறாமல் ரூ.200 அனுப்பிவரும் அன்பர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். நடராசப் பெருமான் அவர்கள் குடும்பங்களைக் காப்பான்.

குறைவது ரூ.1,38,000. இதில் ரூ.46,000, கூட்டத்தில் கை தூக்கிச் சொல்லிவிட்டு இன்னும் அனுப்பாதவர்களின் வாக்கு. பெயர்ப்பட்டியல் எங்களிடம் உண்டு, வெளியிட மனமில்லை. ஒருமுறை கழுத்தில் விழுந்து பீரோவுக்குள் போகும் பொன்னாடைக்குச் செலவிடும் நாம், இதற்குத் தயங்கலாமா? 1906 ஜூன் 12 அன்று, எலன் டெர்ரியின் ஐம்பதாண்டு மேடை வாழ்வுக்காக ட்ரூரி லேன் அரங்கில் நிதி நிகழ்ச்சி நடந்தபோது, இத்தாலியிலிருந்து நடிகை டூசே வந்தார், பாடகர் கரூசோ பாடினார். கலைஞருக்குக் கலைஞர் செய்யும் கடமை அது. அவர் மறைந்தபின் மகள் ஈடித் கிரெய்க், கென்ட் மாவட்டம் ஸ்மால்ஹைத்திலுள்ள வீட்டை 1929-இல் நினைவில்லமாக்கி, உடைகளைப் பாதுகாத்து, 1939-இல் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்தார். அந்த மகளின் பிடிவாதம் இல்லையேல் பார்த்துச் செய்ய உடையே இருந்திராது.

வரும் விஜயதசமியன்று முதல் ஓட்டைத் தைக்க நாள் குறித்திருக்கிறோம். அதற்கு ஓடுகள் கையில் இருக்க வேண்டுமென்றால், ஆவணி முடிவதற்குள் பணம் கட்டியாக வேண்டும். ரூ.300 கொடுத்தால் ஐந்து ஓடுகளை வாங்கவும் தைக்கவும் ஆகும். காசோலையைக் குழுவின் பெயரில் மட்டும் எழுதுங்கள்; ரொக்கம் தருவோர் பொருளாளரிடம் அன்றே ரசீது கேட்டு வாங்குங்கள். மிஞ்சும் தொகை, உடையை வைக்கும் பெட்டிக்கும் அமிலமற்ற தாளுக்கும் போகும். வரவு செலவுக் கணக்கு நிகழ்ச்சியன்று அரங்க வாசலில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
நூற்றாண்டு நினைவுக் குழுவினர்